நீச்சல் கட்டத்தில் ஒரு டிக்

உங்களுக்கு நீச்சல் தெரியுமா?

யோசிக்காமல் சொல்லுங்கள். தெரியும் என்றால் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நான் தெரியும் என்று எழுதியே கொடுத்தேன். ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்து, கீழே கையெழுத்தும் போட்டேன். அந்த டிக்கை நம்பித்தான் ஒரு பெண், நடுக்கடலில் இன்ஜின் நின்றபோது, என்னை எப்படி வெளியேற்றுவது என்று திட்டம் போட்டார்.

செம்பூரில் இரண்டு மாடி எடுத்து நடக்கிற ஒரு சின்ன சர்வே கம்பெனி. சின்ன விமானத்தில் போய், கடற்கரையையும் சதுப்புக் காட்டையும் மேலிருந்து படம் எடுத்துக் கொடுப்பது வேலை. காலேஜ் முடித்து எட்டு மாதம் தாராவியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அங்கே கேமரா ஆபரேட்டர் வேலை கிடைத்தது. விமானத்தில் வேலை! எங்கள் சந்தில் நான் போட்ட சீன் கொஞ்சநஞ்சமில்லை.

முதல் நாளே ஒரு கட்டு ஃபார்ம் கொடுத்தார்கள். ரத்த வகை, அலர்ஜி, யாருக்குத் தகவல் சொல்வது என்று வரிசையாகப் போய், நடுவில் ஒரு கேள்வி: நீச்சல் தெரியுமா? பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. சத்தியமாக அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு ஜூலையும் சயான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் தண்ணீரில்தான் வருவோம். முழங்கால், இடுப்பு, ஒருமுறை கழுத்து வரை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு, சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கும் என்று காலாலேயே தடவி, நோட்டு நனையாமல் வீடு சேர்ந்திருக்கிறேன். இது நீச்சல் இல்லையென்றால் வேறென்ன? எங்கள் சந்தில் யாரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு நண்பனிடம் சந்தேகமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏல, நம்ம பாக்காத தண்ணியால?" என்றான். மேட்டர் முடிந்தது.

விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே இன்ஜின், இறக்கை தலைக்கு மேலே. முன்னால் இரண்டு இருக்கை, இரண்டு பக்கமும் கதவு. பின்னால் எல்லா இருக்கையையும் கழற்றிவிட்டு, எனக்கு ஒன்றை மட்டும் விட்டிருந்தார்கள். தரையில் ஒரு ஓட்டை, அதில் கேமரா. பின்பக்கம் வலது ஓரத்தில் இன்னொரு கதவு. நான் பாதி நேரம் அந்த இருக்கையில் உட்கார மாட்டேன். ஓட்டைக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டு லேப்டாப்பைப் பார்ப்பேன். தரை முழுக்க ஆணிக்கொண்டை, முட்டி உரிந்துவிடும். அதனால் இடுப்பில் கட்ட வேண்டிய லைஃப் ஜாக்கெட் பையைக் கழற்றி முட்டிக்குக் கீழே வைத்துக்கொள்வேன். மடித்து வைத்த ஜாக்கெட், செம மெத்தென்று இருக்கும்.

ஓட்டுகிறவர் முப்பத்தேழு வயதுப் பெண். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பூர்வீகம் பாலக்காடு. வேலையில் கேப்டன் என்று கூப்பிட வேண்டும். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் எனக்கு அக்கா என்றுதான் வரும். இரண்டும் சேர்ந்து 'கேப்டன்க்கா' என்று ஆகிவிட்டது. முதல் நாள் முறைத்தார். இரண்டாம் வாரம் ஜூஹு ஏர்போர்ட் செக்யூரிட்டிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

கேப்டன்க்காவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் நாலாவது வரைக்கும் முனிசிபல் தமிழ் ஸ்கூல். அதனால் வேலை முடிந்து திரும்பும் வழியில் எனக்கு இன்னொரு டியூட்டி உண்டு. அவருடைய சித்தி கோயம்புத்தூரிலிருந்து வாட்ஸ்அப்பில் தமிழில் நீள நீளமாக அனுப்புவதை ஹெட்செட்டில் படித்துக் காட்ட வேண்டும்.

"இன்னிக்கு என்னடா அனுப்பிருக்கா?"

"வெறும் வயித்துல வெந்தயம் சாப்ட்டா கோவம் கொறையுமாம் க்கா."

"யாருக்கு அனுப்பிருக்கா, நேக்கா, குரூப்புக்கா?"

"உங்களுக்கு மட்டுந்தான்."

"பாத்தியா, பாத்தியா! நன்னா வஞ்சிருக்கா. சரி, மேல படி. ஒன் தமிழ மெதுவாப் பேசு, சப்டைட்டில் இல்லாம ஒண்ணும் புரியல."

"உங்க தமிழுக்கு எங்க சந்துல டிரான்ஸ்லேட்டர் வைக்கணும் க்கா."

"வாயப் பாரு. கீழ எறக்கி விட்டுடுவேன், கேட்டியா."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாதம்.

அந்த வாரம் எடுத்துக்கொண்டிருந்தது கலங்கல் படம். மழைக்காலம் முடிந்ததும் கழிமுகத்துத் தண்ணீர் கடலுக்குள் எவ்வளவு தூரம் கலங்கலாகப் போகிறது என்று பார்ப்பது. கரையிலிருந்து நேர் கோடாகக் கடலுக்குள் பதினைந்து கிலோமீட்டர் போய், திரும்பி, அடுத்த கோட்டில் வர வேண்டும். காலையில் கிளம்பும்போது மாஹிம் கழிமுகம் மேலிருந்து தெரிந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கறுப்புத் தண்ணீர் கடலில் விசிறி மாதிரி விரிந்திருந்தது. "உங்க ஏரியா ஆட்டோகிராஃப்" என்றார் கேப்டன்க்கா. "இதுல மாட்டுங்காவும் பாத்ரூம் போயிருக்கு க்கா" என்றேன்.

அலிபாக் தாண்டி, மூன்றாவது கோட்டின் கடல் முனை. இரண்டாயிரத்து ஐந்நூறு அடி. நான் முட்டி போட்டுப் படம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு வாடை. பஜ்ஜிக் கடையில் எண்ணெய் தீய்ந்த வாடை. அப்புறம் சத்தம் மாறியது. ஆறு மாதமாக முட்டி வழியாகக் கேட்டுப் பழகிய சத்தம் அது. அதில் ஏதோ தட்டியது. முன்னால் கண்ணாடியில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது.

அப்புறம் நின்றுவிட்டது.

சினிமாவில் காட்டுகிற மாதிரி நாங்கள் கல்லாக விழவில்லை. மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது, காற்று இரைந்தது, அவ்வளவுதான். முன்னால் விசிறி அசையாமல் குறுக்கே நின்றது.

"ஓகே" என்றார் கேப்டன்க்கா. யாரிடமும் இல்லை, சும்மா. கை மட்டும் வேகமாக ஓடியது. ஏதோ ஒன்றைத் திருப்பினார், ஒன்றை அழுத்தினார், மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். விசிறி அரைச் சுற்று சுற்றி முக்கிவிட்டு நின்றது. இன்னொரு முறை. அதே முக்கல். ரேடியோவில் மூன்று முறை மேடே சொன்னார், ஆபத்தில் இருக்கிறோம் என்கிற வார்த்தை. எங்கே இருக்கிறோம், இரண்டு பேர், கடலில் இறங்குகிறோம். ரயிலில் அடுத்த ஸ்டேஷன் அறிவிக்கிற குரல். பிறகு தமிழில், எனக்கு:

"கேமராவ விடு. கரைக்குப் போக முடியாது. ஒனக்குக் கேக்கறதா?"

"கேக்குது."

"மூணு நிமிஷம் இருக்கு. அங்க பாரு, இடது பக்கம், மீன் போட். அதச் சுத்தி வலை போட்டிருக்கா, கொடி தெரியறதா? வலைக்குள்ள எறங்கக் கூடாது. அரை கிலோமீட்டர் தள்ளி, வெறும் தண்ணில எறக்கறேன். அவாளே வருவா. எறங்கி நின்னதும் நீ பின் கதவத் தெறந்து குதி. றெக்கையச் சுத்தி நீந்தி என் பக்கம் வா. புரிஞ்சுதா?"

நான் பின் கதவைப் பார்த்தேன். கீழே தண்ணீரைப் பார்த்தேன்.

"புரிஞ்சுதாடா?"

"கேப்டன்க்கா."

"என்ன?"

"எனக்கு நீச்சல் தெரியாது க்கா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். விமானம் ஓட்டுகிறவர் அப்படித் திரும்பிப் பார்த்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

"ஃபார்ம்ல எழுதிருக்கியே!"

"அது மழத்தண்ணி க்கா."

"என்ன தண்ணி?"

"மழத்தண்ணி. சயான்ல நிக்கும்லா, அதுல வீட்டுக்கு வருவேன்லா..."

"சயான்ல தண்ணில நடந்தா அது நீச்சலாடா, கழுதை!"

அவ்வளவு பெரிய கத்தலை அந்த ஹெட்செட் கேட்டதே இல்லை. ஆனால் கத்திக்கொண்டே விமானத்தை இடது பக்கம் சாய்த்தார். வெறும் தண்ணீரை விட்டுவிட்டுப் படகைப் பார்த்து. கொடிகளைப் பார்த்து. வலைக்குள் இறங்கக் கூடாது என்று இப்போதுதானே சொன்னார் என்று எனக்கு அப்போதே உறைத்தது. எதற்காகத் திருப்புகிறார் என்பதும் உறைத்தது. படகிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இறங்குகிறோமோ அவ்வளவு நேரம் நான் தண்ணீரில் கிடக்க வேண்டும். வலையில் சக்கரம் மாட்டினாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டுவிட்டார்.

"முன்னாடி வா. இப்ப றெக்கை மடல எறக்கி மெதுவா எறங்கணும், அப்ப பின் கதவு முழுசாத் தெறக்காது. என் பக்கத்துல உக்காரு. பெல்ட்ட இறுக்கு, இன்னும் இறுக்கு. ஜாக்கெட் எங்க?"

முட்டிக்குக் கீழே இருந்ததை எடுத்து இடுப்பில் கட்டினேன். அவர் அதைப் பார்த்தார். அந்தப் பார்வை கத்தலைவிட மோசமாக இருந்தது.

"கழுத்துல மாட்டு. இப்ப ஊதாதே. வெளில போனப்பறம்தான் கயிற இழுக்கணும். உள்ள ஊதினா கூரைல ஒட்டிண்டு நிப்பே. கதவத் தெற. ஷூவக் கழட்டி நடுவுல சொருகு, மூடிக்காம இருக்கும்."

"புது ஷூ க்கா."

"ரொம்ப முக்கியம்!"

சொருகினேன். தீபாவளிக்கு வாங்கியது, இன்னும் தீபாவளியே வரவில்லை.

இருநூறு அடிக்குக் கீழே கடல் நீலமாக இல்லை. பச்சையும் சாம்பலுமாக, ஒவ்வொரு அலையும் தனித்தனியாக, பெரிதாகத் தெரிந்தது. அவர் அலைக்குக் குறுக்கே போகாமல் அதன் நீளவாக்கில் திரும்பினார். படகில் ஒருவர் எழுந்து நின்று இரண்டு கையையும் வீசி 'போ, போ' என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"தலையக் குனி" என்றார் கேப்டன்க்கா. அப்புறம், இதை நான் இன்னும் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை, ரொம்ப மெதுவாக: "பயப்படாதே. நான் விட மாட்டேன்."

முதலில் வால் தொட்டது. சும்மா ஒரு உரசல். அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன். அடுத்தது சுவர். மூக்கு உள்ளே போனது, பெல்ட் என்னை இரண்டாகப் பிளந்தது, கண்ணாடிக்கு வெளியே வானம் போய்ப் பச்சைத் தண்ணீர் வந்தது. கதவிடுக்கு வழியாகக் கடல் உள்ளே கொட்டியது. முழங்கால். இடுப்பு. கழுத்து. இதுவரைக்கும் எனக்குத் தெரிந்த தண்ணீர்தான். அதற்கு மேலே போனது.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு வரிசையாக நினைவில்லை. இடுப்பில் ஒரு கை பெல்ட்டைக் கழற்றியது. அதே கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. கதவு அவர் பக்கமா என் பக்கமா தெரியாது. ஒரு இழுப்பு, தலையில் ஏதோ இடித்தது, வெளிச்சம். இருமிக்கொண்டே கயிற்றை இழுத்தேன். புஸ்ஸென்று ஜாக்கெட்டின் இடது பக்கம் மட்டும் ஊதியது. வலது பக்கம் ஆறு மாதமாக என் முட்டி அமுக்கி அமுக்கி எங்கேயோ கிழிந்திருக்கிறது. ஒரு பக்கம் பலூன், ஒரு பக்கம் காலி. நான் சைடு வாங்கிய ஆட்டோ மாதிரி சாய்ந்து, அரை முகத்தோடு தண்ணீர் குடித்தேன்.

"கால ஒதைக்காதே! என்னப் பிடிச்சு அமுக்காதே! மல்லாக்கப் படு!"

"கால் வரல க்கா! கால் மாட்டிட்டு!"

வலை. நாங்கள் இறங்கிய வேகத்தில் அதைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறோம். கிழிந்த துண்டு ஒன்று என் வலது காலில் சுற்றியிருந்தது. விமானம் மூக்கைக் கீழே வைத்து வாலைத் தூக்கி நின்றது. சக்கரத்தில் அதே வலை. அது போனால் நானும் போவேன். இது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

பக்கத்தில் வலைக் கயிற்றில் கட்டிய ஒரு நீல கேன் மிதந்தது. கேப்டன்க்கா அதை இழுத்து என் நெஞ்சில் திணித்தார். "இதக் கட்டிக்கோ. விடாதே." தன் ஜாக்கெட்டைக் கழற்றினார். ஊதிய ஜாக்கெட்டோடு முங்க முடியாது. முங்கினார்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் அப்பா தாராவியில் பழைய கேன்களைக் கழுவி விற்கிற பட்டறையில் வேலை செய்கிறவர். பிறந்ததிலிருந்து கேன்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவன் நான். கடலுக்கு நடுவில், காலில் விமானம் கட்டியிருக்க, நான் அந்த கேனின் மூடியைத் தடவி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். அரைச் சுற்று லூஸ். இறுக்கினேன். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

காலில் கை பட்டது. ஏதோ இழுபட்டது. மேலே வந்தார், மூச்சு வாங்கினார், ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி முங்கினார். மூன்றாவது முறை முங்கியபோது நான் அம்மா, முருகா எல்லாரையும் விட்டுவிட்டு "க்கா, க்கா, க்கா" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். கால் லேசானது. வலையோடு ஒரு சாக்ஸும் போனது. அவர் கொஞ்சம் தள்ளி, முகமெல்லாம் தலைமுடியாக வெளியே வந்தார்.

படகு வந்து எங்களைத் தூக்கிப் போட்டதும் முதலில் கேட்டது திட்டுதான். படகுக்காரர் கோலி இன மீனவர், அறுபது வயதிருக்கும். "மேரா ஜாளா! பூரா ஃபாட் தியா!" என்று கிழிந்த வலையைக் காட்டிக் கத்தினார். கத்திக்கொண்டே தன் சட்டையைக் கழற்றிக் கேப்டன்க்காவுக்குக் கொடுத்தார். "இத்னா படா சமுந்தர் ஹை, மேரா ஹி ஜாளா மிலா?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டினார். இவ்வளவு பெரிய கடலில் என் வலைதான் கிடைத்ததா என்கிறார். கேப்டன்க்கா என்னைக் காட்டி, "இஸ்கோ தைர்னா நஹி ஆத்தா, காக்கா" என்று எனக்கு நீச்சல் தெரியாததைச் சொன்னார். பெரியவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு காலில் சாக்ஸ், ஒரு பக்கம் ஊதிய ஜாக்கெட், கையில் இன்னும் விடாத கேன். பேச்சை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். விமானம் அப்போதுதான் வாலையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

பெரியவர் ஃபோனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"ம்மா, நாந்தாம்."

"ஏல, யார் நம்பர்ல இது? ஏன் சளி புடிச்ச மாரி பேசுத?"

"ஒண்ணுமில்லம்மா. நனஞ்சிட்டேன்."

"இன்னைக்கு மழையே இல்லியேல?"

அங்கே உடைந்துவிட்டேன். கேப்டன்க்கா ஃபோனை வாங்கி, "அம்மா, பையன் நன்னா இருக்கான், நான் கூட்டிண்டு வரேன்" என்றார். சொன்ன மாதிரியே ராத்திரி எங்கள் சந்து வரைக்கும் வந்து விட்டுவிட்டுத்தான் போனார். மீனவர் சட்டையிலேயே. அம்மா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல், "சோறு சாப்ட்டுட்டுப் போங்கம்மா" என்று நாலு முறை சொன்னாள். உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு முறை குழம்பு வாங்கினார்.

அடுத்த வாரம் விசாரணை தொடங்கியது. இன்ஜின் ஏன் நின்றது என்பது ஒரு பக்கம், அதை விமானத்தை எடுத்தால்தான் தெரியும் என்றார்கள். இன்னொரு பக்கம் கேப்டன்க்காவைச் சுற்றியது. அரை கிலோமீட்டரில் வெறும் தண்ணீர் இருந்திருக்கிறது. அதை விட்டு ஏன் வலைக்குள் இறக்கினீர்கள்? அவசரத்தில் தவறான முடிவா? அது முடிகிற வரைக்கும் பறக்கக் கூடாது. முடிவு மோசமாக வந்தால் அதற்கப்புறமும் கஷ்டம். கேப்டன்க்கா எழுதிக் கொடுத்த பதில் எனக்கு ஆபீசில் கண்ணில் பட்டது. 'படகுக்கு அருகில் இருப்பது நல்லது என்று நான் கருதினேன்.' ஒரே வரி. மழைத்தண்ணீர் இல்லை, நான் இல்லை.

அன்று சாயங்காலமே மாட்டுங்காவில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. ஹாலில் ஃபேன் முழு வேகத்தில் ஓட, தரையெல்லாம் செய்தித்தாள். நடுவில் அவர் உட்கார்ந்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். துணியை அல்ல, ஒரு நோட்டை. அவர் பறந்த ஒவ்வொரு மணியும் எழுதி வைத்திருக்கிற லாக்புக். விமானத்தோடு போன அவருடைய பை இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவர் வலையில் வந்திருக்கிறது. அவரே ரயில் ஏறிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாராம்.

"பாத்து வா, அத மிதிச்சிடாதே. நான் தனியா ஓட்டின மொத சோலோ ஃப்ளைட் காஞ்சிண்டிருக்கு."

ஓரமாக உட்கார்ந்தேன். உப்பும் பவுடரும் கலந்த வாடை. ஒரு பக்கம், ஒரு செய்தித்தாள், ஒரு பக்கம் என்று வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். சில பக்கங்களில் மை மொத்தமாகக் கரைந்து நீல மேகமாகிவிட்டிருந்தது.

"க்கா, நான் எழுதிக் குடுக்கப் போறேன்."

"என்னத்த?"

"நீச்சல் தெரியாதுன்னு. பொய்யா டிக் அடிச்சேன்னு. அதுனாலதான் நீங்க திருப்பினீங்கன்னு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வேண்டாம்."

"ஏன்?"

"ஒன்னத் தூக்கிடுவா, அசடே. இனிமே ஃப்ளைட்ல ஏத்த மாட்டா."

"தூக்கட்டும்."

"ஒரு தடவ தூக்கினதே போறும். இன்னும் தோள் வலிக்கறது."

சிரிப்பு வந்தது, இரண்டு பேருக்கும். ஆனால் அவர் சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

"கேளு. பிளேன்ல இருக்கறவாளுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு தடவ வாயாலக் கேட்டிருந்தா போறும், நீச்சல் எங்கடா கத்துண்டேன்னு. ஆறு மாசம் வெந்தயம் வெந்தயம்னு பேசினோம், அத நான் கேக்கல. முட்டிக்குக் கீழ ஜாக்கெட்ட வச்சிண்டிருந்தே, அதயும் பாக்கல. அது என் தப்பு."

"உங்க தப்ப நீங்க எழுதுங்க. என் தப்ப நான் எழுதுதேன்."

"ரொம்பப் பேசறே."

"நீங்க விட மாட்டேன்னு சொன்னீங்கள்லா? நானும் விட மாட்டேன்."

அவர் இன்னும் இரண்டு பக்கம் அழுத்தினார். பிறகு ஒரு ஈரப் பக்கத்தை என் பக்கம் தள்ளினார். "சும்மா உக்காராதே. இதுக்கு பவுடர் போடு. கொஞ்சமா."

மறுநாள் காலை ரயிலில், செம்பூர் வருவதற்குள், ஃபோனிலேயே ஆங்கிலத்தில் முழுவதையும் டைப் அடித்தேன். சயான் தண்ணீர், டிக், ஜாக்கெட், முட்டி, எல்லாம். நாலு ஸ்பெல்லிங் தப்பு. படித்துப் பார்த்தால் அனுப்ப மாட்டேன் என்று படிக்காமலே அனுப்பினேன். விசாரணைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கேட்டார்கள். அதில் ஒருவர் பக்கத்துத் தாணே ஊர்க்காரர். கேள்வியெல்லாம் முடிந்து ஃபைலை மூடிய பிறகு, "கழுத்து வரைக்குமா?" என்று மட்டும் தனியாகக் கேட்டார். ஆமாம் என்றேன். "எங்க ஏரியாலயும்" என்றார்.

ஆறு வாரம் ஆனது. கேப்டன்க்காவின் முடிவு சரிதான் என்று எழுதினார்கள். ஆட்களைப் பற்றி விமானி நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு, "சொன்னேன் பாத்தியா?" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, பறக்கும் ஆட்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு இரண்டாவது மாடியில் படங்களை ஒட்டி மேப் ஆக்குகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். எனக்குத்தான் முதல் வாரம் சோறு இறங்கவில்லை. ஜன்னல் வழியாக ஏதாவது சின்ன விமானச் சத்தம் கேட்டால் முட்டி தானாக மடங்கப் பார்க்கும்.

வேறு விமானம் வந்துவிட்டது. எனக்குப் பதிலாக ஒரு பையனை எடுத்திருக்கிறார்கள், அந்தேரிக்காரன். முதல் நாள் அவனைக் கேப்டன்க்கா நேராக ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டாராம். அவன் சொல்லித்தான் தெரியும். அவனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் சித்தி அனுப்புவதையெல்லாம் எனக்கு ஃபார்வர்ட் செய்கிறார், நான் குரலில் படித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

இப்போது மணி பத்து நாற்பது. என் மேஜைத் திரையில் ஒரு புள்ளி நகர்கிறது: அவர் அலிபாக் தாண்டி ரேவ்தண்டாவுக்கு மேலே, அன்றைக்கு இருந்த அதே இரண்டாயிரத்து ஐந்நூறு அடியில் இருக்கிறார். அவர் இறங்குகிற வரைக்கும் நான் அதை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.